மைக் அக்கா சொன்ன முட்டி வலி

மைக் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததே மைக் இல்லாமல் போனதால்தான். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்ணைக் கூப்பிட வைத்திருந்த மைக் ஒருநாள் பழுதாகிவிட்டது. அவள் எழுந்து நின்று வாயால் கூப்பிட்டாள். தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் தங்கள் சட்டைப்பையைத் தடவி டோக்கன் தேடினார்கள். அதற்குப் பிறகு நிர்வாகம் மைக்கைச் சரிசெய்யவே இல்லை. நோயாளி வாயைத் திறப்பதற்குள் அவருக்கு என்ன வியாதி என்பதையும் அவளே சொல்லிவிடுவாள். "நான் படிக்காத டாக்டர்" என்று தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்வாள். அந்தக் கிண்டலில் பாதிக்குமேல் பெருமைதான்.

அவளுடைய கணவர் சர்வேயர். நிலத்தை அளப்பதுபோலவே பேச்சையும் அளப்பவர். இவர் பேசாத பேச்சையும் சேர்த்து நாமே பேசிவிட்டால் குடும்பத்துக்குச் சராசரி சரியாகிவிடும் என்று கல்யாணமான புதிதிலேயே அவள் முடிவு கட்டிவிட்டாள். இருவருமே ஓய்வு பெறும்வரை அந்த ஏற்பாடு பழுதில்லாமல் நடந்தது.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது, கை பாதி திரும்பியது, பேச்சு மட்டும் அடம்பிடித்தது. அவருக்கு எல்லாம் புரியும். என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். சொல் நாக்குக்கு வந்து சேரத்தான் நேரமாகும். அந்த நேரத்தைக் கொடுக்க மைக் அக்காவிடம் கையிருப்பு இல்லை. அவர் "த..." என்று ஆரம்பித்தால் தண்ணீரும் தலையணையும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். அவர் சொல்ல வந்தது 'தள்ளி உட்கார்' என்பதாக இருக்கும்.

கொஞ்ச காலமாக நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் அவர் முகம் சுளித்தது. அவரைப் பிடித்து இழுத்து எழுப்பிவிடுகிறவள் அவள்தான் என்பதால் அந்தச் சுளிப்பை அவள்தான் முதலில் பார்த்தாள். டாக்டரிடம் போனார்கள். "முட்டி வலி டாக்டர், எழுந்திருக்கவே முடியல" என்று அவளே சொன்னாள். படம் எடுத்துப் பார்த்தார்கள். வயதுக்குத் தகுந்த தேய்மானம் இருந்தது. மாத்திரையும் தைலமும் வந்தன. அவள் தினமும் உட்கார்ந்து தேய்த்ததில் முட்டி புதுப் பாத்திரம்போலப் பளபளத்தது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த தடவை முட்டியில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சர்வேயர் தலையை ஆட்டினார். "ஊசின்னா அவருக்குப் பயம்" என்று அதற்கும் அவளே பொருள் சொன்னாள்.

வலியைவிட அவளைப் பயமுறுத்தியது வேறு. அவர் இப்போதெல்லாம் "த" என்றுகூட ஆரம்பிப்பதில்லை. அவள் பேசி முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்படியே விட்டால் இருக்கிற நாலு சொல்லும் போய்விடுமோ என்று அவளுக்குத் தோன்றியது. நகராட்சி நூலகத்தில் பெரியவர்களுக்கு நாடக வகுப்பு நடக்கிறது, அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொன்னதும், மறுநாளே இருவர் பெயரையும் பதிந்துவிட்டாள். தன் பெயரைப் பதிய யாரும் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

வகுப்பு நூலகத்தின் பின்பக்கத்துக் கூடத்தில் நடந்தது. வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கறகறவென்று சுற்றும் விசிறி, மூலையில் கிழிந்த புத்தகக் கட்டுகள். டீச்சர் அவளுடைய மகளைவிடச் சின்னப் பெண். வசனத்தை யாரும் எழுதித் தரமாட்டார்கள். அவரவர் வீட்டில் நடந்ததையே நடித்துப் பார்த்து, அதிலிருந்து எல்லாரும் சேர்ந்து நாடகம் கட்டுவார்கள். ஒரே ஒரு சட்டம் உண்டு. கையில் துணிப்பந்து வைத்திருப்பவர்தான் பேசலாம்.

முதல் நாள் பந்து சர்வேயர் கைக்கு வந்தது. "சார், இன்னிக்குக் காலையில என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள் டீச்சர்.

"காலையில எழுந்ததே லேட்டு. அப்புறம் பேப்பர் படிச்சார், தலைப்பு மட்டும்" என்றாள் மைக் அக்கா.

"அக்கா, ரெட் சிக்னல்!" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த பஸ் டிரைவர். ஓய்வு பெற்றும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காத மனுஷர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "நுணலும் தன் வாயால் கெடும்னு எனக்காகத்தான் சொல்லி வெச்சிருக்காங்க" என்றாள். அப்போதும் பந்து அவர் கையில்தான் இருந்தது.

வகுப்பு முடிவில் குடும்பத்தாரை அழைத்து ஒரு நாடகம் போட வேண்டும். டாக்டரிடம் போகிற காட்சி ஒன்று வேண்டும் என்று டீச்சர் கேட்டதும் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு மைக் அக்காதான் கொடுத்தாள். நோயாளி வருவார், டாக்டர் எங்கே வலி என்று கேட்பார், நோயாளி முட்டி என்பார், டாக்டர் மருந்து தருவார். நோயாளி சர்வேயர், டாக்டர் நம் டிரைவர்.

"சார், இது உங்க வசனம்தானா?" என்று டீச்சர் சர்வேயரிடம் கேட்டாள்.

"அவர் வசனம்தான்மா" என்றாள் மைக் அக்கா.

ஒத்திகையில் அவர் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நின்றார். ஒவ்வொரு தடவையும் அவள் "முட்டி!" என்று எடுத்துக்கொடுத்தாள். கடைசியில் டீச்சர் அவளைத் திரைக்குப் பின்னால் அனுப்பிவிட்டாள். "திரைக் கயிறு உங்க பொறுப்பும்மா. அன்னிக்கு என்ன ஆனாலும் நீங்க வாயத் திறக்கக் கூடாது. சார் பத்து நிமிஷம் நின்னாலும் சரி."

"பத்து நிமிஷமா? அதுக்குள்ள நான் செத்துருவேனே" என்றாள் அவள். பொய் சொல்லவில்லை.

நாடகத்தன்று கூடம் நிறைந்திருந்தது. மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் இரவல் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் கம்பீரமாக உட்கார்ந்தார். சர்வேயர் எதிரே.

"சொல்லுங்க. எங்க வலிக்குது?"

விசிறி மட்டும் கறகறத்தது. யாரோ இருமினார்கள். மகள் திரைப் பக்கமே பார்த்தாள், 'அம்மா, சொல்லிக்கொடேன்' என்பதுபோல. மைக் அக்காவின் நாக்கு நுனியில் முட்டி வந்து நின்று குதித்தது. கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் வாய்க்கு வந்த பெரிய சோதனை அதுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தோ..." என்றார் சர்வேயர். "தோள்."

டிரைவர் வழக்கமான பாதையில் போய்ப் பழகியவர். "சரி, முட்டிக்கு மாத்திரை எழுதறேன்" என்றார். கூடம் சிரித்தது.

சர்வேயர் இடது கையால் மேஜையைத் தட்டினார். "முட்டி... இல்ல. தோள்."

டிரைவருக்கு வசனம் தீர்ந்துவிட்டது. டீச்சரைப் பார்த்தார். அவள் கையைக் காட்டினாள், நீங்களே கேளுங்கள் என்று. அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, தன் பங்குக்கு ஒன்று கேட்டார்.

"எப்ப வலிக்குது சார்?"

சர்வேயர் திரைப் பக்கம் மெல்லத் திரும்பினார். "இவ... தூக்கறப்ப."

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. நாடகத்தில் அதுதான் நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டினார்கள். மைக் அக்கா கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். தினமும் அவள் பிடித்து இழுத்த கை வலது கை. முதல் தடவை டாக்டர் அறையில் சர்வேயர் இடது கையால் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். குளிர்கிறதாக்கும் என்று அவள் விசிறியை நிறுத்தச் சொன்னாள். ஊரார் வியாதியெல்லாம் வாய் திறக்குமுன்னே சொன்னவள், வீட்டில் இருந்த வலியைத் தானே கொடுத்துவிட்டு அதற்கு முட்டியில் தைலம் தேய்த்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது. அத்தனைக்கும் நடுவில், மனுஷர் ஒரு முழு வாக்கியம் பேசிவிட்டாரே என்று சந்தோஷம் பொங்கியது.

திரையைப் போட மறந்து மேடைக்கு வந்தாள். சர்வேயர் எழ வேண்டும். டிரைவர் ஒரு பக்கம் கை நீட்டினார். மகள் ஓடி வந்தாள்.

"யாரும் தொடாதீங்க" என்றாள் மைக் அக்கா. பிறகு அவர் முன்னால் குனிந்து கேட்டாள், "எப்படிங்க எழுப்பணும்? நீங்க சொல்லுங்க."

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவர் வாய் திறந்தது, மூடியது. மகள் எதையோ சொல்ல வந்தாள். மைக் அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பார்க்க வந்தவர்கள் நாற்காலியை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இந்தப் பக்கம்..." என்று இடது பக்கத்தைக் காட்டினார் சர்வேயர். "வா."

மைக் அக்கா மறுபேச்சுப் பேசாமல் அந்தப் பக்கம் போய் நின்றாள்.