மடை தள்ளிப்போன நாள்

இப்போதெல்லாம் போனைத் திறந்தால் யாராவது ஒருவர் அண்டம் விரிகிறது என்று பேசுகிறார். நானும் டீயைக் குடித்துக்கொண்டே கேட்கிறேன். ஒன்பது வயதில் அதே சேதியை முதன்முதலாகக் கேட்டபோது பயந்தே போனேன்.

சொன்னவள் என் அக்கா. எனக்கு முழுப்பரீட்சை லீவு விட்டிருந்தார்கள். அவள் புதுச்சேரி காலேஜுக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிசிக்ஸ் படிக்கிறோம் என்கிற மிதப்பு அவளுக்கு. எதையாவது நோண்டிக் கேட்கிற வாய் எனக்கு. என் பழைய பாவாடையின் எலாஸ்டிக்கை உருவி, அதில் நாலு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினாள்.

“பாரு, ஒரு பொட்டும் நடக்கல. நடுவுல இருக்கிற இடமே நீளுது. அதான் ஒண்ண வுட்டு ஒண்ணு தள்ளிப் போவுது.”

“நம்ம வூடுமா?”

“எல்லாந்தான் போடி” என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். நான் பித்துப் பிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். யாராவது நடந்து போனால் பின்னாலேயே ஓடிப் பிடித்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கிற இடமே நீண்டால் எவ்வளவு தூரம் ஓடுவது? ஓட ஓட அம்மா தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தால்? அன்று ராத்திரி என் பாயை அம்மாவின் பாயோடு ஒட்டிப் போட்டுப் படுத்தேன்.

மறுநாள் அழுது அடம்பிடித்து அம்மாவோடு உப்பளத்துக்குப் போனேன். மரக்காணத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அங்கேதான் கூலி வேலை. பாத்தியில் விளைந்த உப்பை அப்பா வாரிக் குவிப்பார். அம்மா அதைக் கூடையில் சுமந்து வரப்பு வழியாகப் போய் மேட்டில் கொட்டுவாள். தலையில் கூடை இருந்தால் குனிந்து காலடியைப் பார்க்க முடியாது. பார்த்தாலும் வெயிலில் உப்பு கண்ணைக் கூசும். அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் அடியை எண்ணிக்கொண்டுதான் நடப்பார்கள். எங்கள் வரப்பில் முப்பத்தெட்டு அடி முடிந்ததும் மடை, அதாவது தண்ணீர் பாய வெட்டிவிட்ட இடைவெளி. அங்கே காலை எட்டி வைக்க வேண்டும். சீசன் தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு அது மனப்பாடம்.

அவள் பின்னாலேயே நானும் எண்ணிக்கொண்டு போனேன். முப்பத்தெட்டு என்று முணுமுணுத்து அம்மா காலை எட்டி வைத்தாள். அங்கே மடை இல்லை, வெறும் வரப்புதான் இருந்தது. கூடை ஒரு ஆட்டம் ஆடி நின்றது. இன்னும் நாலு அடி போன பிறகுதான் மடை வந்தது.

“இன்னாடி இது, மடை தள்ளிப் போயிருக்குது!” என்று அம்மா சிரித்தாள்.

அக்கா சொன்னது நடக்க ஆரம்பித்துவிட்டது! அடுத்த நடைக்கும் நாற்பத்திரண்டு. வெயில் ஏறியதும் நாற்பத்தைந்து. சாயந்திரத்துக்குள் நூறு ஆகிவிடும், அம்மா கூடையோடு போய்க்கொண்டே இருப்பாள், திரும்பி வரவே மாட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. வரப்பிலேயே விழுந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு, “போவாதம்மா, போவாத!” என்று கத்தினேன். பின்னால் சுமையோடு வந்த பெண்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.

அப்பா ஓடி வந்தார். விக்கி விக்கி எலாஸ்டிக் கதை முழுவதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

“மடைய வெட்டுனவனே நான். அது எங்க போவும்மா?”

வரப்பு போடும்போது அளந்த கயிற்றை எடுத்து வந்தார். மடை வரவேண்டிய இடத்தில் அதில் ஒரு முடிச்சு இருந்தது. ஒரு நுனியை என்னிடம் கொடுத்து வரப்பின் தலைப்பில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுநுனியை இழுத்துக்கொண்டு போனார். முடிச்சு சரியாக மடையின் வாயில் போய் உட்கார்ந்தது. நம்பாமல் இன்னொரு தரம் அளக்கச் சொன்னேன். ஒரு விரற்கடைகூட மாறவில்லை. அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது.

“உங்கம்மாவுக்குக் கணக்கு வரல” என்றார் அப்பா. வரப்பில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தாள்.

சாயந்திரம் அக்காவுக்குச் சரியான டோஸ் விழுந்தது. பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள்: விரிவதெல்லாம் எங்கேயோ தூரத்தில், கேலக்சிகளுக்கு நடுவில்தான், பூமியையும் வீட்டையும் ஈர்ப்பு விசை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது, உப்பளம் ஒருநாளும் நீளாது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

இடம் நீளவில்லை என்றால் முப்பத்தெட்டு எப்படி நாற்பத்தைந்து ஆனது? அதை அப்பா கேட்கவில்லை, பிசிக்ஸ் படித்த அக்கா கேட்கவில்லை, எதையும் நோண்டிக் கேட்கிற நானும் கேட்கவில்லை. மாறியது அம்மாவின் அடி. மூச்சு வாங்குவதை எங்களிடம் சொல்லாமல் குட்டி குட்டியாக எட்டு வைத்து நடந்திருக்கிறாள். இதயம் வீங்கிப்போயிருக்கிறது என்று ஐப்பசி மழையில் டாக்டர் சொன்னார். அடுத்த சீசனுக்கு அம்மா இல்லை.

அன்றைக்குக் கயிற்றைச் சுற்றி வைத்ததும், உட்கார்ந்திருந்தவளின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பியது நான்தான். “ஒண்ணும் தள்ளிப் போவல, நீ போம்மா” என்று சொல்லி, அவள் தலையில் கூடையை ஏற்றிவிட நானும் ஒரு கை கொடுத்தேன்.