வன்னியபெருமாளின் ஆயுளுக்கு ஜாமீன்

15.5.2015 – ரூ. 3,75,000
10.2.2017 – ரூ. 5,000
10.3.2017 – ரூ. 5,000
19.11.2018 – ரூ. 640
23.8.2024 – ரூ. 5,000

முதல் தொகை, சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வன்னியபெருமாள் சிட்டி பிடித்து எடுத்தது. மாதச் சீட்டுக்கு இங்கே சிட்டி என்று பெயர். ஏலத்தில் முன்கூட்டியே பணம் எடுத்தால் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். வலியசாலையில் குடியிருக்கும் அரசாங்க குமாஸ்தா சேஷன், அவர் வாங்கிக்கொடுத்த காப்பி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இரண்டு வருஷத்தில் வன்னியபெருமாள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்தார். தவணை நின்றது. இரண்டு மாதம் சேஷன் சம்பளத்தில் ஐயாயிரம் ஐயாயிரமாகப் பிடித்தார்கள். அவருக்கு வீட்டுக்கடனே கழுத்துவரை இருந்தது. இந்த மனிதர் போய்ச் சேர்ந்தால் மிச்சமெல்லாம் தன் தலையில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

வன்னியபெருமாள் எழுந்துவந்து தவணையை மறுபடி கட்டத் தொடங்கினார். ஆனால் அதிலிருந்து அவர் உடம்பு சேஷன் பொறுப்பாயிற்று. விடிந்ததும் கதவைத் தட்டி நடக்க அழைத்துப்போனார். கோயிலில் அவர் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தார். சொந்தக் காசு அறுநூற்று நாற்பது கொடுத்து ரத்தப் பரிசோதனை செய்வித்தார். கொழுப்பு கூடியிருக்கிறது என்று தெரிந்த அன்று சேஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வன்னியபெருமாளும் லேசுப்பட்டவர் அல்ல. நடக்கச் சோம்பலாக இருந்தால் நெஞ்சைத் தடவிக்கொள்வார். உடனே ஆட்டோ வரும், கூலி சேஷனுடையது.

சேஷனின் மனைவி சூடாமணி ஜுரத்தில் கிடந்தபோது சொன்னாள்: "எம்பேர்ல ஒரு சிட்டி பிடிச்சுக்கறேன். அப்பவாவது நெத்தியைத் தொட்டுப் பார்ப்பேள்."

கொரோனாவில் கடை பூட்டிக்கிடந்து தவணைகள் தள்ளிப்போயின. ஒருவழியாகக் கடைசித் தவணை கட்டிய கையோடு வன்னியபெருமாள் ஓட்டலில் நுழைந்து பொரோட்டாவும் கோழிக்கறியும் சொன்னார். சேஷன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கடன் ஒக்க அடைச்சாச்சுல்லா, சாமி?"

"ஜாமீன் தீர்ந்துதுன்னு லெட்டர் வரட்டும், ஓய். அடுத்த வருஷம் ரிட்டையராறேன். அது இல்லாம கிராஜுவிட்டி தரமாட்டான். அதுவரைக்கும் நீர் சாகப்படாது."

"வந்த பொறவு? காலைல கதவத் தட்ட வரமாட்டியளா?"

"எதுக்கு?" என்றார் சேஷன் யோசிக்காமல்.

அங்கேதான் தப்புச் செய்தார். ஜாமீனை விடுவிக்கும் விண்ணப்பத்தில் கடன் வாங்கியவர் கையெழுத்து வேண்டும். வன்னியபெருமாளுக்கு ஒரு நாள் மூக்குக்கண்ணாடி காணவில்லை. ஒரு நாள் விரல் வலித்தது. பிறகு சந்திராஷ்டமம் வந்தது. மூன்று மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் சேஷன் அவரை வீட்டுக்கே கூட்டிவந்து, விண்ணப்பத்தை முன்னால் வைத்து, லெட்டர் வந்தாலும் நடக்க வருவேன் என்று சத்தியம் செய்தார்.

வன்னியபெருமாள் பேனாவைத் திறக்காமல் கேட்டார்: "அதுக்கு ஜாமீன் யாரு?"

சூடாமணி உள்ளேயிருந்து வந்தாள். "நானாச்சு. ரிட்டையராகி நாள் முழுக்க ஆத்துல உக்காந்திருந்தா இவரை நான் என்ன பண்றது?"

வன்னியபெருமாள் கையெழுத்துப் போட்டார்.

ஜாமீன் தீர்ந்தது என்று சிட்டி ஆபீஸின் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 11.12.2024.