குலவைக்குக் காத்திருந்தவள்

முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள், பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் படுகிறது. ஆனால் போன பொங்கல் அன்று என் அண்ணன் வீட்டு வாசலில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலவே இருக்கிறது.

நாங்கள் இருப்பது மதுரை செல்லூரில். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். ஒரே மகள், பதின்மூன்று வயது. ஆட்டிசம் இருக்கிறது. பேச்சு வரவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள், இல்லையென்றால் படத்தைக் காட்டுவாள். எங்கள் சந்து முழுக்கத் தறிச் சத்தம். அதில் நிம்மதியாகத் தூங்குவாள். விடாமல் ஒரே மாதிரி கேட்கிற சத்தம் என்றால் அவளுக்குப் பிரச்சினை இல்லை. திடீரென்று கிளம்புவதுதான் ஆகாது. பண்டிகைக்குத் தறியை நிறுத்திவிட்டால் அன்றைக்கு இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருவாள்.

என் பிறந்த வீடு உசிலம்பட்டி பக்கம். பானை பொங்கும்போது அங்கே பெண்கள் எல்லோரும் நாக்கைச் சுழற்றிக் குலவை போடுவார்கள். அதிலும் என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, குலவை போட்டால் அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் எழுந்து வருவார்கள். மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு பொங்கலுக்குக் கூட்டிப் போனேன். குலவை கிளம்பியதும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நாங்கள் பிடிப்பதற்குள் மெயின் ரோட்டுக்கே போய்விட்டாள். ஒரு லாரி பிரேக் போட்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றது. டிரைவர் இறங்கி அவளைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். பிறகு ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் எனக்குக் கண்ணிலேயே இருக்கிறது.

அத்தோடு பொங்கலுக்கு ஊருக்குப் போவதை விட்டுவிட்டேன். வருசா வருசம் அண்ணன் சீர் கொண்டு வருவார். அரிசி, வெல்லம், கரும்பு, தோட்டத்து மொச்சைக்காய். "இந்த வருசமாச்சும் வாத்தா" என்பார். "அடுத்த வருசம் பாப்போம்ணே" என்பேன். அவர் போன பிறகு மொச்சைக்காயை உடனே கழுவ மாட்டேன். அந்த மண் வாசனையோடு கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருப்பேன்.

மகள் படிப்பது ஒரு சிறப்புப் பள்ளியில். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நீளப் பட்டை உண்டு. அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று வரிசையாகப் படங்கள் ஒட்டியிருக்கும். ஒன்று முடிந்தால் அந்தப் படத்தைப் பிய்த்து டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மார்கழி பிறந்ததுமே டீச்சர் என்னிடம், "லீவுன்னா நமக்குச் சந்தோஷம்மா. இவங்களுக்கு நேத்து இருந்தது இன்னிக்கு இல்லாமப் போயிரும். அதனால பொங்கலை இப்பவே பழக்குறோம். நீங்க இந்தத் தடவை ஊருக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க" என்றார்.

பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னதே அப்போதுதான்.

லீவு விடும் நாளில் பொங்கலுக்கான படங்களைப் பட்டையில் ஒட்டி, டப்பாவோடு கையில் கொடுத்தார்கள். பஸ், பானை, பால், வாய்ப் பக்கம் கை வைத்தபடி மகள் வகுப்பு ஆயாம்மா, தட்டு நிறையப் பொங்கல், கடைசியில் வீடு. ஆயாம்மா படம் ருசி பார்ப்பது என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். டீச்சரைச் சுற்றி நாலைந்து பெற்றோர் நின்றார்கள். எனக்குக் கூச்சம், வந்துவிட்டேன்.

அண்ணனுக்குப் போன் போட்டு, "வாரேன்ணே. ஆனா யாரும் குலவை போடக் கூடாது" என்றேன். போன் மதினி கைக்குப் போனது. "என் மருமகளுக்காக வாயத் தச்சுக்கிடுறேன், நீ வா" என்றார். பின்னால் அண்ணன் குரல்: "இவ வாய் ஒரு நாளு மூடியிருக்கும்னா, மாசா மாசம் வரச் சொல்லு!"

பொங்கலன்று காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். வீட்டுக்காரர் தன் அம்மாவோடு இருந்துகொண்டார். பஸ்ஸில் ஆளே இல்லை. மூன்று நாள் தங்குவதற்குத் துணி எடுத்து வைத்திருந்தேன். ஊருக்குப் போனால் தெருவில் எல்லோரும் பொங்கி முடித்துவிட்டார்கள். அண்ணன் வீட்டில் மட்டும் அடுப்பே பற்ற வைக்கவில்லை. அக்கம்பக்கத்துக் குலவை எல்லாம் ஓயட்டும் என்று, நல்ல நேரம் போனாலும் போகட்டுமென்று எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

பானை ஏறியது. அண்ணன் தெருமுனையை மறித்தபடி நின்றார். நான் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பால் நுரைத்து மேலே வந்தது. மதினி முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். பால் வழிந்து விறகில் விழுந்து சீறியது. ஒருவரும் குலவை போடவில்லை.

மகள் ஓடவில்லை. பானையைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள், மதினி வாயைப் பார்த்தாள். பிறகு முனக ஆரம்பித்தாள். தொடையில் அடித்துக்கொண்டாள். கையைக் கடிக்கப் போனாள். "போச்சுண்ணே, உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று நான் எழுவதற்குள் கையை உதறிவிட்டாள். எனக்கு அந்த லாரிதான் கண்ணில் வந்தது. அண்ணன் இரண்டு கையையும் விரித்தார்.

அவள் ரோட்டுப் பக்கமே போகவில்லை. பட்டையிலிருந்து ஆயாம்மா படத்தைப் பிய்த்தாள். மதினியிடம் போய், முந்தானையை வாயிலிருந்து இழுத்து எறிந்துவிட்டு, படத்தை அவர் மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டினாள்.

"என்னத்தா, அத்தைய ருசி பாக்கச் சொல்லுறியா?" என்று வாங்கிய மதினி, படத்தையே உற்றுப் பார்த்தார். "ஏத்தா, இது திங்கிற கையில்ல. விரல் நீட்டியிருக்கு பாரு. இது கொலவ போடுற கை."

"போடவா?" என்று என்னைக் கேட்டார். மகள் மதினியின் உதட்டை விரலால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் போடுங்க மதினி."

மதினி தொண்டைக்குள்ளேயே ஆரம்பித்தார். மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. மதினியின் நாக்கு அசைவதைக் கிட்டத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். நின்றதும் ஒரு கையை எடுத்து, மதினி கையிலிருந்த படத்தை மறுபடியும் அவர் முகத்துக்கு நேரே தள்ளினாள்.

"இன்னொருக்காவா? இம்புட்டு ஆசையா கேட்டா மாட்டேம்பேனா!" என்று மதினி இரண்டாம் குலவையைப் போட்டார். மூன்றாவது முழுக் குரலில். மகள் குதிகாலைத் தூக்கித் தூக்கி ஆடிச் சிரித்தாள். பிறகு படத்தை வாங்கி டப்பாவில் போட்டாள். மதினிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். "புகை" என்றார்.

வகுப்பில் ஆயாம்மா முதலில் தூரத்து வராண்டாவிலிருந்தும், பிறகு வாசலிலிருந்தும், கடைசியில் பக்கத்தில் வந்தும் தினமும் குலவை போட்டுப் பழக்கியிருக்கிறார். பள்ளி திறந்த பிறகு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளை பயப்படும் என்று நான் எதை நிறுத்தி வைத்தேனோ, அது வரவில்லையே என்றுதான் அவள் தவித்திருக்கிறாள்.

சாப்பிட்டோம். தட்டுப் படமும் டப்பாவுக்குப் போனது. மீதி இருந்தது வீடு படம் ஒன்றுதான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். மூன்று நாளுக்குத் துணி எடுத்து வைத்த எனக்கு, இங்கே தூங்குவதற்கு ஒரு படம் வேண்டுமென்று தோன்றவில்லை.

"சாயந்தரம் நானே கொண்டாந்து விடுறேன், இருத்தா" என்றார் அண்ணன். நான் பிறந்து வளர்ந்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மதினி எனக்காகப் பாய் விரித்து வைத்திருந்தார். அதில் ஒரு நாழிகை படுத்தால் போதும் என்று இருந்தது. ஆனால் படம் சொன்னபடி நடக்கவில்லையென்றால் அடுத்த தடவை படத்தை அவள் நம்ப மாட்டாள். "வாரேன்ணே" என்று பையை எடுத்துக்கொண்டேன்.

மதினி மொச்சைக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தார். பஸ் கிளம்பும்போது, சத்தமே இல்லாமல், குலவை போடுகிற மாதிரி வாய்ப் பக்கம் கை வைத்துக் காட்டினார். மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன்.

பிறந்த வீட்டில் ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்ற ஆசை இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரு பாய்ப் படம் எடுத்துத் தரும்படி டீச்சரிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்கு ஆகாது என்று நான் ஒதுக்கி வைத்த மற்றதையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்; அதில் எதற்காக அவள் காத்திருக்கிறாளோ, எனக்கு எப்படித் தெரியும்?

ஊரிலிருந்து வந்த மறுநாள் மாட்டுப் பொங்கல். தறி ஓடவில்லை. அந்த நாளுக்கென்று படமும் இல்லை. காலையில் மகள் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பள்ளிக்கூடம் வரை கூட்டிப் போய்ப் பூட்டிய கேட்டைக் காட்டிவிட்டு, திரும்பக் கூட்டி வந்தேன்.