பூட்டிய வீட்டுக்குச் சராசரி

மீட்டர் அளவெடுக்கப் போகிறவர், வீடு பூட்டியிருந்தால் வாசலில் காத்துக்கொண்டு நிற்பதில்லை. கடைசி மூன்று தடவை ஓடிய யூனிட்டைக் கூட்டி, மூன்றால் வகுத்து, வந்ததை எழுதிவிட்டு அடுத்த மாடிக்குப் படியேறிவிடுவார். இருபத்தாறு வருஷமாக மீட்டர்காரர் அப்படித்தான் செய்துவந்தார். பெரிதாக யாரும் குறை சொன்னதில்லை.

அவர் வீட்டில் மூன்று பேர். அவர், கணவர் போனபின் அவரோடு வந்துவிட்ட அக்கா, அப்புறம் மேனேஜர். மேனேஜர் என்பது பூனை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அடுக்குமாடியின் மீட்டர் அறையில், கதகதப்பான பெட்டி ஒன்றின் மேல் குட்டியாகச் சுருண்டு கிடந்தது. அவர் குனிந்து எண்களைப் படிக்க, அவர் ஒழுங்காகப் படிக்கிறாரா என்று மேலிருந்து பார்த்ததாம். பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. பிற்பாடு ஒரு எலியைக்கூடப் பிடிக்காமல், மற்றவர்கள் வேலை செய்வதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்ததால் பெயர் இன்னும் நன்றாகப் பொருந்திவிட்டது.

அந்த மேனேஜர் திடீரென்று கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. தின்பது அப்படியே இருக்க, உடம்பு மட்டும் இளைத்தது. பின்னங்கால்களை முழுசாகத் தரையில் பதித்து, தளர்ந்தவர்போல் நடந்தது. கால்நடை டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு சர்க்கரை என்றார். காலை ஒரு யூனிட், மாலை ஒரு யூனிட் இன்சுலின்.

யூனிட் என்று கேட்டதும் மீட்டர்காரருக்குப் பாதி பயம் போய்விட்டது. தெரிந்த ஆளை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்: முதலில் காதோரத்தில் ஊசிமுனை படாததுபோல் பட்டு ஒரு சொட்டு ரத்தம், அதைக் கருவியில் வைத்து எண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு சாப்பாடு. தின்னும்போதே பிடரித்தோலைத் தூக்கி மருந்தை ஏற்ற வேண்டும். இருநூறுக்குக் கீழே வந்தாலோ, சாப்பிடாமல் விட்டாலோ ஊசியைத் தொடாமல் போன் செய்ய வேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் பொறுப்பு. எண்ணைச் சொல்வது மட்டும் இவர் பொறுப்பு.

“நீங்க சொல்ற எண்ண நம்பித்தான் நான் மருந்து சொல்லுவேன், சார்.”

எண் விஷயத்தில் தன்னிடம் இப்படிச் சொல்கிறாரே என்று மீட்டர்காரருக்கு உள்ளூரச் சிரிப்பு.

அக்காவுக்கு ஊசி என்றாலே ஆகாது. தம்பி மருந்துக்குப்பியை எடுத்தாலே சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். எல்லாம் முடிந்ததா என்று உள்ளிருந்தே கேட்பாள். முடிந்தது என்றபின் வந்து, குத்தினவன் யாரோ என்பதுபோலப் பூனையிடம் தம்பியைத் திட்டுவாள்.

நோட்டில் கோடு போட்டு எண்கள் ஏறின. முந்நூற்று எண்பது. முந்நூற்று எழுபத்திரண்டு. முந்நூற்று அறுபத்தைந்து. ஒரு வாரம் பார்த்துவிட்டு டாக்டரம்மா அரை யூனிட் கூட்டினார். எண் அசையவில்லை. மறுவாரம் இன்னொரு அரை. நான்காவது வாரம் இரண்டரையில் வந்து நின்றது. பிறகும் மேனேஜர் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர்வதாயில்லை. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, மீட்டர்காரர் தெருவில் இறங்கி, தன் வீட்டுப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து அக்கா தன் மகள் வீட்டுக்கு நாலு நாள் போனாள். போன மறுநாளே எண் இறங்கியது. இருநூற்று எண்பத்தெட்டு. அடுத்து இருநூற்று நாற்பத்து மூன்று. மூன்றாம் நாள் மாலை இருநூற்று இருபத்தைந்து. மருந்து பிடித்துவிட்டது என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை மேனேஜர் காதைக் கொடுக்க மறுத்தது. பிடரியில் ஏறும் ஊசி அதற்குத் தெரிவதே இல்லை. காதைத் தொட்டால்தான் கோபம். கட்டிலுக்கடியில் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மீட்டர்காரர் முழங்காலில் நின்று ஒரு நிமிஷம் கெஞ்சினார். பிறகு கைதான் அந்த வேலையைச் செய்தது, தலை இல்லை: கடைசி மூன்று எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்து, இருநூற்று ஐம்பத்திரண்டு என்று எழுதி, ஓரத்தில் சராசரிக்கு அடையாளமாகச் சின்னதாக ஒரு ‘ச’ போட்டார். சாப்பாட்டுத் தட்டின் சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தது. இரண்டு வாய் தின்றது. இரண்டரை யூனிட் ஏறியது. மீதி தட்டிலேயே கிடந்ததை அவர் பார்க்கவில்லை.

அக்கா இல்லாததால் மதியச் சாப்பாட்டுக்கு அவரே வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு நல்லகாலம். கதவைத் திறந்தால் வாசலில் மேனேஜர் இல்லை. குளியலறைத் தரையில் கிடந்தது. எழ முயன்று, தன் காலே தனக்குச் சொந்தமில்லாததுபோல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. கண் முழுசாகத் திறந்திருந்தது. அதில் அவர் இல்லை.

போனில் டாக்டரம்மாவின் குரல் ஒரு துளியும் உயரவில்லை. தேனை விரலில் எடுத்து ஈறில் தடவச் சொன்னார். வாயில் ஊற்றக் கூடாது, புரையேறும். காதில் எண் பார்க்கச் சொன்னார். இப்போது காது மறுக்கவில்லை. நாற்பத்தொன்று.

தடவினார். மறுபடி தடவினார். தேன் பாதி பூனையின் மீசையில் ஒட்டியது. பத்து நிமிஷத்தில் ஐம்பத்தெட்டு. இன்னொரு பத்தில் எண்பத்து நான்கு. மேனேஜர் நாக்கை நீட்டி மீசையை நக்கியது. அப்புறம் அவரை, படிப்பது சரியா என்பதுபோலப் பார்த்தது. மீட்டர்காரர் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தட்டில் மிச்சமிருந்ததை மேனேஜர் தின்றபின் அதைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டு, கண்ணைப் பார்த்து, பயமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் நோட்டைக் கேட்டார். காலையில் எவ்வளவு இருந்தது என்றார். இருநூற்று ஐம்பத்திரண்டு என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்ல முடியாமல், ஓரத்து எழுத்தைக் காட்டி, பூட்டிய வீட்டுக்குப் போடும் சராசரி என்று விளக்கினார். நாலு வாரத்தில் அப்படி ஏழு இடம் இருந்தது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இது பூட்டின வீடு இல்ல, சார். உள்ள ஆள் இருக்கு.”

அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. இன்று மாலை ஊசி வேண்டாம், இரவு முழுக்க இங்கே இருக்கட்டும், எண்களைப் பார்த்துக்கொண்டு நாளை பழையபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். இந்த நாலு நாளில் வீட்டில் என்ன மாறியது?

ஒன்றும் மாறவில்லை, அக்கா ஊரில் இல்லை, அவ்வளவுதான் என்றார். சொன்ன வாய் மூடவில்லை. இருபத்தாறு வருஷத்து மூளை விழித்துக்கொண்டது. கணக்கு உதைத்தால் நடுவில் எங்கோ கொக்கி போட்டுக் கரண்ட் திருடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து தேடினார். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. அக்காவின் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாசர், அடியில் காய்ந்த பால். மெத்தைக்குப் பின்னால் பிஸ்கட் டின்.

மறுநாள் மேனேஜரைக் கூட்டிவந்தபின் அக்கா வந்தாள். டின்னும் சாசரும் மேஜைமேல் இருந்தன. அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நடந்ததைக் கேட்டாள். நாற்பத்தொன்று என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

“நீ குத்துறவன். நானாவது குடுக்கிறவளா இருக்க வேணாமாடா?”

வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த பேச்சு அவருக்கு மறந்துபோனது. பதிலுக்கு நோட்டைத் திறந்து அந்த ஏழு எழுத்தையும் காட்டினார். அக்கா ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள்.

“ஏழு நாளும் இவன் காது பூட்டியா கெடந்துச்சு?”

சிரித்துவிட்டார்கள். அக்காவுக்குச் சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகித் திரும்பி வந்தது. மேனேஜர் இருவரையும் பார்த்துவிட்டு, பிஸ்கட் டின்னைப் பார்த்தது. அக்கா அதைத் தூக்கி எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து காதைப் பிடிப்பது அக்காவின் வேலை. கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் பிடிப்பாள், ஆனால் பிடிப்பாள். ஒரு யூனிட்டே போதுமானதாக இருந்தது. வேறு நோய் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்த ஒன்றும் அரையானது. மேனேஜர் பாதம் மட்டும் ஊன்றி நிமிர்ந்து நடந்தது; ஒருநாள் துணி அலமாரியின் உச்சிக்குத் தாவி, அங்கிருந்து வீட்டை மேற்பார்வை பார்த்தது.

அப்புறம் ஒரு காலை, அது மறுபடி கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மீட்டர்காரர் பேனாவை மூடி வைத்தார். தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் கைகளை விரித்துக் காட்டினாள். பேருந்து ஒன்று போனது. இன்னொன்றும் போனது. கடைசியில் வால் நுனி வந்தது, பிறகு முதுகு, கடைசியாகக் காது.

நூற்றுப் பதினெட்டு. போன் செய்தார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, இன்றைக்கு ஊசி வேண்டாம், மாலையும் பார்த்துச் சொல்லுங்கள், இப்படியே போனால் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். நோட்டில் ஊசி ‘போட்டது’ என்ற கட்டத்தில் அவர் ஒரு கோடு இழுத்தார். நேராக வரவில்லை.

அலுவலகத்தில் சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டி, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்.

“ஒரு வீடு பூட்டியிருந்துச்சு, சார். தொறக்கட்டும்னு உக்காந்திருந்தேன்.”