கையில் மருதாணி, வாயில் கில்லர்

கேன்சர் செல்லுக்குள் புகுந்து பெராக்சைடைக் கிளப்பிவிட்டு அதைச் சாகடிக்கிற மருந்து செய்வதுதான் என் ஆராய்ச்சி. அதைத் திருப்பூரில் குடியிருந்துகொண்டு செய்கிற பாடு இருக்கிறதே, அப்பப்பா! சொந்தக்காரர்களுக்கு விளக்கியே தொண்டை வறண்ட ஆராய்ச்சிக்காரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். நான் செய்த மருந்துகளெல்லாம் கேன்சர் செல்லோடு நல்ல செல்லையும் தீர்த்துக்கட்டின. புதிதாகச் செய்வதும் அப்படியே என்றால் தலைப்பையே மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் என் கைடு.

ஒற்றைக் கை

என் மருந்து மருதாணிச் சாயத்துக்குப் பங்காளி. கையுறை கிழிந்தால் விரலெல்லாம் செக்கச்செவேல். ஒருநாள் கோயமுத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா சிவந்த என் வலது கையைப் பார்த்தார், வெறும் இடது கையைப் பார்த்தார், அப்புறம் பரிதாபமாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, பாதியிலயே கல்யாணம் நின்னுபோச்சுங்களா?"

கில்லர்

வேலம்பாளையத்தில் சித்தப்பாவுக்குச் சாயப்பட்டறை. பனியன் துணியைப் பெராக்சைடில் வெளுத்தபின், துணியில் மிஞ்சுகிற பெராக்சைடை ஒழிக்க ஒரு என்சைம் ஊற்றுவார்கள். ஊரே அதைக் 'கில்லர்' என்றுதான் சொல்லும். அந்த நினைப்பே இல்லாமல், "புது மருந்து பயங்கர கில்லருங்க சித்தப்பா" என்று பீற்றிக்கொண்டேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். "கில்லர் ஊத்துனா பெராக்சைடே செத்துருமே கண்ணு, அப்புறம் கேன்சரை எது கொல்லும்?"

செல்லங்கள்

ரிசல்ட் நாள். மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கவே பயம். முதல் தட்டில் கேன்சர் செல்லெல்லாம் சுருண்டு கிடந்தன. அடுத்த தட்டில் நல்ல செல்கள் ஜம்மென்று கைகால் நீட்டிப் படுத்திருந்தன! "ஐயோ, என் செல்லங்களா!" என்று அழுதேவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. கைடு மெதுவாகத் தட்டை நகர்த்தினார். "கண்ணீர் உள்ளே விழுந்தா மறுபடி முதல்லேர்ந்து செய்யணும்மா."

மனுஷ உடம்புவரை போக இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. ஆனாலும் தலைப்பு பிழைத்தது. உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "நல்ல செல்லுக்குள்ள உங்க கில்லரேதான் இருக்குதுங்க சித்தப்பா! அதுதான் பெராக்சைடை ஒழிச்சுக் காப்பாத்திருச்சு. கேன்சர் செல்லுல அது பத்தலைங்க, செத்துருச்சு!" மெஷின் இரைச்சலுக்கு மேலே அவர் பட்டறையின் சாய மாஸ்டரிடம் கத்தியது எனக்கே கேட்டது: "ஏனுங்க மாஸ்டர், நம்ம கில்லரு எல்லாரு ஒடம்புலயும் ஸ்டாக் இருக்குதாமாங்க!"

அன்றிலிருந்து வேலம்பாளையத்துக்கு நான் கில்லர் கண்டுபிடித்த பெண். அதைத் திருத்தப்போய் மறுபடி முதலிலிருந்து விளக்க எனக்கென்ன பைத்தியமா?