ஆறு பத்துக்கு வரும் பிரஷர்

ஜெஸிக்கு நாற்பத்திரண்டு வயது. செம்பூரில், வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் புரோகிராம் எழுதுகிறாள். அதற்கு முன் எட்டு வருடம் அதே ஆபீசில் நோயாளிகளின் விவரங்களை டைப் அடித்தவள். மற்றதெல்லாம் தானே படித்துக்கொண்டது.

டேட்டாபேஸிலிருந்து விவரம் எடுத்துவரும் பகுதிக்கு ரெப்போசிட்டரி என்று பெயர். பேர் சொல்லித் தேடுவது போன்ற மெத்தட்களை, அதாவது தேடும் கட்டளைகளை, தயாராகக் கிடைக்கும் ஃபிரேம்வொர்க்கே கொடுத்துவிடும். இல்லாததை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். பத்து நாளாக நர்ஸ் போகாத நோயாளிகள் யார் என்று மேனேஜர் கேட்டதால், ஜெஸி அப்படி ஒரு மெத்தட் எழுதி ஓட்டினாள்.

பதினொரு பெயர்கள் வந்தன. பதினொன்றும் இறந்தவர்கள்.

தப்பு அவளுடையதுதான். ஃபிரேம்வொர்க்கின் மெத்தட்கள் இறந்ததாகக் குறித்தவர்களைத் தாமாகவே மறைத்துவிடும். கையால் எழுதியதில் அப்படி மறைக்கும் வரியை அவள்தான் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கப் போனவள் விரலை எடுத்துக்கொண்டாள். கோவண்டிப் பகுதி லூசியம்மாள், இறந்து பதினான்கு நாள். கடைசியாகப் பதிவான பிரஷர்: இன்று காலை ஆறு பத்து. நேற்றும் ஆறு பத்து. பதினான்கு நாளும் அப்படியே.

பக்கத்து இருக்கை ரெனால்ட் எட்டிப் பார்த்தான். "அரே, செத்தவங்களுக்கும் பிரஷர் இருக்கா? உன் புரோகிராமுக்குப் பேய் பிடிச்சிருக்குக்கா."

"மஸ்கரி பண்ணாத, இது விளையாட்டில்ல. இன்னிக்கு நூத்தி எழுபது. தினம் ஏறுது."

"மெஷின் கெட்டிருக்கும். அந்த ஒரு லைனப் போடு, லிஸ்ட்ல இருந்து போயிடும்."

"போயிடும்ல. அதான் பயமா இருக்கு."

பதிவில் இருந்த நம்பருக்கு அடித்தாள், போன் அணைந்து கிடந்தது. ஜெஸி ஆட்டோ பிடித்தாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. புண் அழுகிய வாடை வாசலுக்கே வந்தது. இரண்டு கட்டில், ஒன்றில் விரிப்பு இல்லை. மற்றதில் காலில் பழைய கட்டோடு ஒரு பெண். கையருகே பிரஷர் மெஷின். பட்டனை அமுக்கினால் அளவு தானாக ஆபீசுக்குப் போகும்.

"யாருட்டி அது? அவுக அனுப்புனாகளா?"

அவுக என்று லூசியம்மாள் சொன்னது புருஷன் மரியசூசையை. இறந்தது அவர்தான். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே போன், அவருடையது. ஆபீசிலும் இருவர் பெயரையும் அதே நம்பரில்தான் பதிந்திருந்தார்கள். சாவுச் செய்தி வந்த அன்று யாரோ நம்பரைத் தேடி, வந்த இரண்டு பெயரையும் இறந்ததாகக் குறித்துவிட்டார்கள்.

"ஆபீஸ்ல இருந்து வரேன், ஆன்ட்டி."

"பக்கத்து வீட்டு அக்தர் பானு டீயும் கஞ்சியும் தாரா. நர்ஸ் புள்ள மட்டும் வரல. நானும் அவுக கூடப் போயிட்டேனோன்னு நெனச்சேன். இருந்தும் பட்டன அமுக்கிட்டேதான் கெடந்தேன்."

ஜெஸி தண்ணீர் கொடுத்தாள், கட்டைத் தொடாமல் ஆபீஸ் நர்ஸுக்கு போன் போட்டாள். நர்ஸ் வந்து கட்டை வெட்டிப் பிரித்தபோது இரண்டு கால்விரல் கறுத்திருந்தன. கால் தப்பும், விரல் தப்பாது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஏற்றினாள்.

ஜெஸி அந்த ஒரு வரியைச் சேர்க்கவில்லை. இவர்கள் இருவர் போக லிஸ்டில் மீதி ஒன்பது வீட்டுக்கும் வாசலில் நின்றபடியே போன் செய்தாள். எட்டு வீட்டில், ஆமாம், அடக்கம் ஆகிவிட்டது என்றார்கள். ஒன்பதாவது நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

ஜெஸி விலாசத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.