என் அட்டையை வாங்கிக்கொண்ட டாக்டர்

முதலில் அறுந்தது கம்பிதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் எனக்கு வேலை. தலைமுடியைவிடச் சற்றே தடித்த செம்புக் கம்பி. என் மேசையில் கம்பி அறுந்ததில்லை என்று எல்லோருமே சொல்வார்கள். எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடைக் காலையில் அது அறுந்து அறுந்து விழுந்தது.

"இன்னா ரோசம்மா, கை டான்ஸ் ஆடுது?" என்றார் சூப்பர்வைசர்.

"ஃபேன் காத்து சார்" என்றேன். ஃபேன் என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுதப் படிக்க வரும். ஆனாலும் என்னைப் போல அலைகிறவர்கள் இருப்பார்களே என்று எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். ஜெபமாலையைக் கையில் எடுத்தால் பாதியில் வைத்துவிட்டுக் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன். நன்றாகச் சாப்பிட்டேன், உடம்போ இளைத்துக்கொண்டே போனது. படுத்தால் நெஞ்சு அடிக்கும் சத்தம் தலையணையில் கேட்டது.

சம்பளத்தில் பிடித்துக்கொண்டு தந்த தொழிலாளர் காப்பீட்டு அட்டை என் பெயரிலேயே இருந்தது. அம்பத்தூரில் எங்களுக்கென்று ஒதுக்கிய டிஸ்பென்சரிக்குப் (காப்பீட்டு மருந்தகம்) போனேன். எடை குறைகிறது, தாகமும் இருக்கிறது என்றதும் சிறுநீர் கொண்டு வரச் சொன்னார்கள். பாட்டில் நம்முடையதுதான். அங்கே வரிசையில் நிற்கிற பாதிப்பேர் கையில் பிராந்தி பாட்டில் இருக்கும். நான் நல்ல தேன் பாட்டில் ஒன்றை வெந்நீர் ஊற்றிக் கழுவி, அதன் தக்கையால் மூடி, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

நீல மருந்தில் கலந்து சூடு காட்டினார்கள். செங்கல் நிறமாக மாறியது. சர்க்கரை வியாதி என்று மாத்திரை தந்தார்கள்.

அதைப் போட்ட பிறகு நடுக்கம் கூடியது. வேர்த்துக் கொட்டி, ஒரு நாள் பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசி வரிக்கும் பாக்குறேன்மா. அப்பால தொடப்பந்தான்." அந்த மேசையை விட்டுக் கொடுத்துக் கம்பெனியைக் கூட்டிப் பெருக்குவதற்குப் பதில் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

உள் நோய்களைப் பார்க்கிற பெரிய டாக்டர் (பொது மருத்துவ நிபுணர்) வேண்டும் என்று முகப்பேரில் தனியார் கிளினிக்குகளின் வாசலில் போர்டு போர்டாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒவ்வோர் இடத்திலும் அட்டையை நீட்டினால், "இது இங்க செல்லாதும்மா" என்றார்கள். ஒரு கம்பவுண்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ரேஷன் கார்டா?" என்று கேட்டான்.

"ஆமா, உனக்கும் ரெண்டு கிலோ போடட்டா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் சவரி லாரி ஓட்டுகிறவர். அவர்தான் விசாரித்து வந்தார். "சென்னீர்குப்பம் பக்கம் ஒரு டிஸ்பென்சரி கீது. வியாழக்கெழமைல பெரிய டாக்டரம்மா வருதாம். கார்டுக்கே பாக்குதாம்."

அங்கே சீட்டு எழுதுகிறவர் அட்டையைத் தள்ளிவிட்டார். "உங்க எடம் அம்பத்தூரு. அங்க போங்க."

"எடம் அம்பத்தூரா இருக்கலாம். நோவு இங்க நிக்குது" என்றேன். நகரவில்லை. கால் நிற்க விடாமல் இழுத்தது, இருந்தும் நின்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மாவே எட்டிப் பார்த்தார். என் கழுத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு கை நீட்டி அட்டையை வாங்கிக்கொண்டார். "இவங்கள நான் பாக்குறேன். எழுதிக்குங்க."

உள்ளே இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்தார். மேலே ஃபேன் ஓடவில்லை. காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது.

அவர்களுடைய கண்ணாடிக் குப்பியிலேயே சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னார். அதே நீல மருந்தில் கலந்து சூடு காட்டியும் இந்த முறை நீலம் நீலமாகவே இருந்தது.

"முன்னாடி எதுல கொண்டு போனீங்க?"

"தேன் பாட்டில்லமா."

"ஏன், வேற பாட்டில் இல்லியா?"

"பிராந்தி பாட்டில தூக்கிகினு தெருவுல போற பொம்பள நான் இல்ல."

"சரி, கழுவினீங்களா?"

"வெந்நீர் ஊத்திக் கழுவினேன். தக்கைய மட்டும்..." என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தேன் ஊறிய தக்கை; அந்த இனிப்புதான் சிறுநீரில் இறங்கியிருக்கிறது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, சர்க்கரை மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். கழுத்தில் குரல்வளைக்குக் கீழே இருக்கிற தைராய்டு (உடம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சுரப்பி) அளவுக்கு மேல் வேலை செய்கிறது என்றார். இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. கம்பெனிக்குச் சான்று எழுதி விடுப்பு வாங்கித் தந்தார். புது மாத்திரை தந்து, அது ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் வரச் சொன்னார்.

உடனே குணமாகவில்லை. மாத்திரை போட்ட பிறகும் பல வாரம் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். ஒரு நாள் ஜெபமாலை முழுவதையும் உட்கார்ந்தே முடித்திருந்தேன். முடித்த பிறகுதான் தெரிந்தது.

விடுப்பு முடியும் தறுவாயில் மறுபடி காகிதம் வைத்தார். அசையவில்லை. "போதும், எடுத்துடலாம்" என்றார்.

"ஃபேனப் போடுங்கமா" என்றேன்.

போட்டார். காகிதம் பறந்து மூலையில் விழுந்தது. என் விரல்கள் நீட்டினபடியே நின்றன. மறுநாள் என் மேசையில் உட்கார்ந்து கம்பி சுற்றினேன்.

இப்போது வயதாகிவிட்டது. கை மறுபடி லேசாக ஆடுகிறது. அந்த நாளில் ஆடியது என்னைத் துரத்திக்கொண்டே இருந்தது. இது அப்படியில்லை. ஊசியில் நூல் கோக்க ஒரு மத்தியானம் ஆனாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். என் நெஞ்சு அடிப்பதே எனக்குக் கேட்பதில்லை.